வால்மீனின் வாயுவைப் பார்க்க: வெறும் கிரேட்டிங்கா, ஸ்லிட்டா?

மாலை வால்மீனுக்கு அம்பாசமுத்திரம் தோதான இடமில்லை, சீக்கிரமே பொதிகைக்குப் பின்னால் போய்விடும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரியில் வானம் அடிவரை திறந்திருக்கும். சரி, அங்கே எந்தக் கருவியோடு போவது?

கிரேட்டிங் என்பது ஒளியை நிறமாலையாக, அதாவது நிறவாரியாகப் பிரிக்கும் நுண்கோடுகள் போட்ட கண்ணாடி. அதைக் கேமராவுக்கு முன் மாட்டினால் வேலை முடிந்தது. நட்சத்திரம் புள்ளி என்பதால் அதன் நிறமாலை கூர்மையாக விழும். வால்மீனோ பஞ்சுப்பொதி மாதிரி பரந்தது. ஒவ்வொரு அலைநீளத்திலும் அதன் முழு உருவமும் விழுந்து, ஒன்றின் மேல் ஒன்று படியும். ஆனாலும் 516 நானோமீட்டர் பக்கம், இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் பச்சைத் திட்டு எடுப்பாகத் தெரியும். 1868-ல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு வால்மீனில் கார்பனை அடையாளம் கண்டது இப்படிப்பட்ட நிறத் திட்டுகளை, அதாவது பட்டைகளை வைத்துத்தான். தன் கேமராவில் அதையே பார்ப்பது பெரிய சந்தோஷம்.

ஸ்லிட், அதாவது ஒளி நுழைய மெல்லிய பிளவு வைத்த நிறமாலைக் கருவி விலை கூட. மங்கலான வால்மீனை அந்த மெல்லிய பிளவிலேயே நிறுத்திவைக்க வானத்தின் நகர்வோடு சேர்ந்து திரும்பும் நல்ல தாங்கி (மவுண்ட்) வேண்டும். ஆனால் பட்டைகள் பிரிந்து நிற்கும். பக்கத்து வெற்று வானத்தையும் பதிவுசெய்து கழித்தால் தெருவிளக்கு ஒளி போய்விடும். தூசி சிதறடிக்கும் சூரிய ஒளியை நீக்கி, ஒளியளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு அளவுதிருத்தினால், நொடிக்கு எத்தனை மூலக்கூறு வெளியேறுகிறது என்றே மதிப்பிடலாம்.

தண்ணீர் இரண்டுக்கும் எட்டாது. அது உடைந்து வரும் ஹைட்ராக்சில் 308 நானோமீட்டரில் ஒளிர்கிறது, அதைப் பெரும்பாலும் நம் வளிமண்டலத்தின் ஓசோன் விழுங்கிவிடும்.

முதல் வால்மீனுக்குக் கிரேட்டிங்கே என் தேர்வு. வாயு அளவு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று தொடர ஆசைப்பட்டால் ஸ்லிட் வாங்குங்கள்.