85 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரு சிக்கன ஆம்ப்ளிஃபயர்: குன்னூரில் தேடிய கதை

கெஃப் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட எல்எஸ்50 ஸ்பீக்கர்கள் ஒரு ஜோடியை உறவினர் ஒருவரிடமிருந்து வாங்கிக் குன்னூர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இத்தனை சிறிய பெட்டிக்கு ஆம்ப்ளிஃபயர் என்ன பெரிதாக வேண்டியிருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, தவில் தனி ஆவர்த்தனம் ஒன்றை ஒலிக்கவிட்டேன். தொப்பியில் விழுந்த கோலடி தகரத்தைத் தட்டியதுபோல் வந்தது; அடுத்து வந்த நாதஸ்வரம், ஒலியைக் கூட்டக் கூட்டக் காதைக் குத்தியதே தவிர அறையை நிறைக்கவில்லை. குறை ஸ்பீக்கரில் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

ஸ்பீக்கரோடு வரும் தாளில் உணர்திறன் 85 டெசிபல் என்றும், மின்மறிப்பு (இம்பீடன்ஸ், ஒலியின் சுருதிக்கேற்ப மாறும் மின்தடை) 8 ஓம், குறைந்தபட்சம் 3.2 ஓம் என்றும் அச்சிட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் தேடுபவர் முதலில் படிக்க வேண்டியவை இந்த எண்கள்தாம். ஆம்ப்ளிஃபயர் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு ஒலி கேட்கும் என்பதே உணர்திறன். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும்; 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் தேவை. 91 டெசிபல் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 15 வாட்டில் முடிகிற வேலை, 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 60 வாட் கேட்கிறது.

என் அறையில் நாற்காலி மூன்று மீட்டர் தள்ளியிருக்கிறது. அந்தத் தொலைவில், சுவர்களின் எதிரொலியையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 டெசிபல் கூடும். ஆக, ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் 82 டெசிபல். இங்கே மலைவாசிகளுக்கு மட்டும் இன்னொரு கழிவு இருக்கிறது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஸ்பீக்கரின் கூம்பு அதே அளவு அசைந்தாலும் அது தள்ளுகிற காற்று மெலிந்திருப்பதால் ஒலி ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் இறங்கிவிடும். தவிலின் உச்ச அடி 98 டெசிபலைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சமவெளியில் 40 வாட் போதும். எனக்கு 56 வாட் வேண்டும். சோறு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கிற ஊரில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாட்டோடு கணக்கு முடிவதில்லை. 8 ஓமில் 56 வாட் என்றால் 21 வோல்ட். அதே 21 வோல்ட் 3.2 ஓமுக்கு இறங்கும் இடத்தில் ஆறரை ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். அதைக் கொடுக்க முடியாத ஆம்ப்ளிஃபயர், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், அந்த இடத்தில் மூச்சு வாங்கும். 1978இல் நாட் (NAD) நிறுவனம் கொண்டுவந்த 3020 ஆம்ப்ளிஃபயர் வெறும் 20 வாட் என்று சொல்லிக்கொண்டே தன்னைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் தடுமாறிய ஸ்பீக்கர்களை ஓட்டிப் பெயர் வாங்கியதற்குக் காரணம், நொடிப்பொழுது உச்சங்களில் அது தாராளமாக மின்னோட்டம் தந்ததுதான்.

என் வரம்பு 15,000 ரூபாய். முதலில் பார்த்தது, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) அவர்கள் தெய்வமான ஹெத்தையின் பண்டிகைக்குச் சவுண்ட் சர்வீஸ் எடுத்து நடத்தும் ஒருவர், 5200, 1943 டிரான்சிஸ்டர்கள் ஜோடி ஜோடியாகப் போட்டுத் தானே அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர். “நானூறு வாட்டு சார், ஊரே கேட்கும்” என்றார். ஊர் கேட்டிருக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. தவிலின் கனத்தை முதன்முதலாக அதில்தான் உணர்ந்தேன். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் பூச்சிச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிற வீட்டில் அதன் மின்விசிறி இரைச்சலோடு வீணை கேட்க முடியாது. திருப்பிக் கொடுத்தேன், அவர் வருத்தப்படவில்லை.

அடுத்து, கோத்தகிரி நண்பர் வைத்திருக்கும் டெனான் பிஎம்ஏ-600என்இ. 8 ஓமில் 45 வாட், 4 ஓமில் 70 வாட் என்று அடக்கமாக எழுதியிருக்கும் இந்த வகை ஆம்ப்ளிஃபயர்களை நம்பலாம். ஒரு வார இறுதிக்கு இரவல் தந்தார். குரலும் வீணையும் அதில் அமைந்த அழகை வேறெதிலும் நான் கேட்கவில்லை. விலை என் வரம்புக்குள் இல்லை என்பது ஒருபுறமிருக்க, மாலையானால் அதன் கனம் கொஞ்சம் குறைவதாகத் தோன்றியது. மனப்பிரமை என்று ஒதுக்கியிருப்பேன். மீட்டரை வைத்துப் பார்த்தபோது பிளக்கில் 185 வோல்ட்தான் இருந்தது. பைக்காராவில் 1932ஆம் ஆண்டிலேயே நீர்மின் நிலையம் கண்ட மலைதான் இது. ஆனாலும் ஆறு மணிக்குத் தெருவிலுள்ள அத்தனை கீசரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் எங்கள் வரிசைக்கு இதுதான் மிச்சம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயரில் உள்மின்னழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். வாட் அதன் வர்க்கமாக இறங்கும். 230க்குப் பதில் 185 என்றால், மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிற்று. 45 வாட் 29 ஆகிவிடும். ஸ்டெபிலைசர் வைக்கலாம்தான், ஆலாபனைக்கு நடுவே அதன் ரிலே ‘டக்’ என்று அடிப்பதைப் பொறுத்துக்கொள்கிறவர் வைக்கலாம்.

கடைசியில் நான் வாங்கியது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப்பில் இயங்கும், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் (மின்சாரத்தை அதிவேகத் துடிப்புகளாக விட்டுவிட்டு அனுப்பி ஒலியைப் பெருக்கும் வகை). இந்த வகையை விற்பவர்கள் கூசாமல் 300 வாட் என்று போடுகிறார்கள். சிப்பின் தாளில் 4 ஓமில் 315 வாட் இருப்பது உண்மை. அது ஒலி 10 விழுக்காடு சிதைந்த நிலையில், 50 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துப் பெற்ற எண். கூடவே வரும் அடாப்டரைப் பார்த்தால் உண்மை விளங்கும். 48 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் மொத்தமாகவே 240 வாட். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 160 வாட். எனக்கு முதலில் வந்தது 32 வோல்ட் அடாப்டர். காகிதக் கணக்கில் அது 8 ஓமில் 64 வாட். இழப்புகள் போக நான் கணக்கிட்ட 56ஐ ஒட்டியே நின்றுவிடும், மூச்சுவிட இடமில்லை. மாற்றிக் கேட்டு 48 வோல்ட் அடாப்டர் வாங்கினேன். இப்போது காகிதத்தில் 144 வாட். இசையின் உச்சங்கள் நொடியின் சிறு பகுதியே நீடிப்பதால் 240 வாட் அடாப்டர் திணறியதில்லை. இந்த அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு 48 வோல்ட்டைக் கொடுத்துவிடுவதால், கீசர் ஓடும் ஆறு மணிக்கும் ஊர் உறங்கும் பதினொரு மணிக்கும் ஒலியில் வேறுபாடு இல்லை. எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. இந்த வகையில் பலவற்றில், அந்தத் துடிப்புகளைச் சீராக்கும் வெளியீட்டு வடிகட்டிக்கு முன்பிருந்தே பின்னூட்டம் (வெளிவருவதைத் திருப்பி எடுத்து ஒப்பிட்டுத் திருத்துவது) எடுப்பதால், ஸ்பீக்கரின் ஓம் மாறும்போது உயர் சுரங்களின் அளவும் சற்று மாறும். என்னுடையதில் ஜால்ரா ஒரு மாற்றுக் கூடுதலாகவே மின்னுகிறது. டெனான் அப்படிச் செய்யவில்லை. வடிகட்டிக்குப் பின்னிருந்து பின்னூட்டம் எடுக்கும் மாதிரிகள் இப்போது வருகின்றன. விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குங்கள், நான் அவசரப்பட்டுவிட்டேன். இன்னொன்று, இதில் ஸ்பீக்கர் கம்பி மாட்டும் கறுப்பு முனை கிரவுண்ட் இல்லை, அதிலும் சிக்னல் ஓடும். இரண்டு பக்கக் கறுப்பு முனைகளை ஒன்றாக முறுக்கிவிடவோ, பழைய ஸ்பீக்கர் மாற்றி ஸ்விட்சுப் பெட்டி வழியாக இணைக்கவோ கூடாது, சிப் போய்விடும். ஜூன், ஜூலை மூடுபனியில் வால்யூம் குமிழ் கரகரக்கத் தொடங்கும் என்பதால் ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் லேசான சூட்டிலேயே விட்டுவைக்கிறேன். இடி முழங்கினால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்த இரவுகளில், சதுர அலை இன்வெர்ட்டரில் நண்பரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது. என் அடாப்டர் சத்தமின்றி ஓடுகிறது. அவர் மாற்றிக்கொள்ளப்போவதில்லை. அவரிடம் அலமாரி நிறைய இசைத்தட்டுகள் இருக்கின்றன, டெனானில் இசைத்தட்டுக் கருவியை இணைக்கும் ஃபோனோ உள்ளீடு இருக்கிறது. என்னுடையதில் அது இல்லை.