ராபர்ட்சன்பேட்டை நெஞ்சு டாக்டரிடம் அப்பாவைக் காட்டியது

கோலார் தங்கவயலில் மூச்சு வாங்கும் அப்பாவோ தாத்தாவோ இல்லாத வீடு எங்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு லைனில் குறைவு, அதனால்தான் இதை எழுதுகிறேன். அப்பா 1974-ல் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் சேர்ந்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும்வரை 27 வருஷம் அடியில் பாறைக்கு டிரில் போட்டவர். இப்போது தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.

முன்பு வேறொரு இடத்தில் காட்டினோம். எக்ஸ்ரேயைப் பார்த்தவுடன் டிபி என்று சொல்லி ஆறு மாத மாத்திரை எழுதிவிட்டார்கள், சளி டெஸ்ட்கூட எடுக்கவில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், சாப்பாடு இறங்காது, அத்தனையும் பொறுத்துக்கொண்டு முழு கோர்ஸையும் முடித்தார். மூச்சு வாங்குவது கொஞ்சமும் குறையவில்லை.

இந்த கிளினிக்கில் டாக்டர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே, "ஐயா, மைன்ஸ்ல என்ன வேலை பார்த்தீங்க? எத்தனை வருஷம்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் இதை யாரும் கேட்டதில்லை. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் கிஃபோர்டு ஷாஃப்ட் குழியில் இறங்கியதிலிருந்து தூசியில் பக்கத்து ஆள் முகம் தெரியாத நாட்கள் வரைக்கும் சொல்லச் சொல்ல, டாக்டர் இடைமறிக்காமல் எழுதிக்கொண்டார். அப்புறம் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, நுரையீரலின் மேல்பக்கம் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகத் தெரிந்த புள்ளிகளை எங்களுக்கும் காட்டினார். சிலிகோசிஸ். பாறைத்தூசி உள்ளே போய்த் தங்கி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், வேலையை விட்ட பிறகும் அது வளரலாம், தழும்பு ஆறாது, ஆனால் மூச்சுத் திணறலைக் குறைக்க முடியும் என்றார். சிலிகோசிஸ் இருப்பவர்களுக்கு டிபி சுலபமாக வரும் என்பதால் சளி டெஸ்ட்டை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக எடுத்துவரச் சொன்னார். டிபி இல்லை என்று வந்தது.

ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு அப்பா நாலு தடவை ஊத வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை இருமல் வந்து நிறுத்திவிட்டார். அங்கே இருந்த நர்ஸ் அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "மெதுவா ஊதுங்கப்பா, நேரம் இருக்கு" என்றார். இன்ஹேலரை நீளக் குழாயோடு சேர்த்து எப்படி இழுப்பது என்று சொல்லிக் கொடுத்து, அப்பாவையே இரண்டு தடவை செய்துகாட்டச் சொன்னார். பழைய இடத்தில் இன்ஹேலரைக் கையில் கொடுத்து அனுப்பினதோடு சரி.

குறை என்றால் மாடிப்படி. கிளினிக் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்குகிறவர்களுக்கான டாக்டரிடம் போக பதினெட்டுப் படி ஏற வேண்டும் என்பது சரியில்லை, ரிசப்ஷனில் சொன்னேன், இன்னும் ஒன்றும் செய்யவில்லை. போன வாரம்கூட ஒரு பெரியவர் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் மகள் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஃபீஸ் 300 ரூபாய், ஊதும் டெஸ்ட்டுக்குத் தனி. காலை எட்டரைக்குப் போனால் டோக்கன் கிடைக்கும். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி காற்றோடு வீட்டுக்குள் வரும் மாதங்களில் கூட்டம் அதிகம், அப்போது இன்னும் சீக்கிரம் போங்கள். பழைய எக்ஸ்ரே எவ்வளவு மங்கலாக இருந்தாலும் தூக்கிப்போடாமல் எடுத்துப் போங்கள், டாக்டர் ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்.