சனசமூக நிலைய வாசிகசாலை: ஃபேன் மூன்று, சுத்துறது ஒன்று

மகன் இந்த வருஷம் ஓ.எல். (பதினோராம் வகுப்பு அரசாங்கச் சோதனை) எடுக்கிறான். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில எங்கட தகரக் கூரைக்குக் கீழ பின்னேரம் மூன்று மணிக்குக் கணக்குச் செய்யச் சொன்னா, கொப்பியில வேர்வைதான் சொட்டும். என்ர தையல் மெஷின் சத்தம் வேற. அதால ஏழு மாசமா அவன் பக்கத்துச் சனசமூக நிலையத்து வாசிகசாலையிலதான். கூட்டிக்கொண்டு வரப் போய்ப் போய் எனக்கும் அந்த இடம் பழகிப்போச்சு.

உள்ள ஒரு நீள மேசை, பதினொரு கதிரை. எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒருத்தரும் எழுப்பமாட்டினம். பொறுப்பா இருக்கிற அக்கா பழைய வினாத்தாள்களை வருஷ வாரியா அடுக்கி, தையல் நூலால குத்திக் கட்டி வைச்சிருக்கிறா. கணிதக் கட்டில ஒரு தாளின்ர கீழ்ப்பாதி கிழிஞ்சு போச்சு. வெள்ளைத் தாளில முக்கோணத்தை அடிமட்டம் வைச்சுக் கீறி, கேள்வியையும் கையால எழுதி ஒட்டியிருக்கிறா. மகன் அந்தக் கேள்வியைத்தான் முதல்ல செய்தவன். இந்த ஒண்டுக்காகவே நான் ஐந்துக்கு மூன்று போடுவன்.

மிச்ச இரண்டும் ஏன் இல்லையெண்டா: சுத்துற அந்த ஒரு ஃபேனும் பேப்பர் பாக்கிற ஐயாமாரின்ர தலைக்கு மேல. மலசலகூடத்துத் திறப்பு யாரோ ஒருத்தரின்ர வீட்டில. மாரி வந்தா நாவல் அலுமாரிக்குத் தறப்பாள் போத்துவினம், தை பிறக்கிற வரைக்கும் எடுக்கமாட்டினம்.

இப்ப புதுக் கட்டடக் கதை ஓடுது. பொதுக்கூட்டத்தில வரைபடம் காட்டிச்சினம், கீழ வாசிகசாலை, மேல மண்டபம். வீட்டுக்கு ஐயாயிரம் ரூபா, சம்மதமெண்டாக் கை உயர்த்துங்கோ எண்டிச்சினம். நான் உயர்த்தேல்லை.

கலிபோர்னியாவில இருக்கிற தங்கச்சியிட்ட இதைச் சொன்னன். அங்க நகரசபை நூலகம் கட்டக் கடன்பத்திரம் போடுறதெண்டா, அதாவது கடன் வாங்கிக் கட்டிப்போட்டு வீட்டு வரியில அடைக்கிறதெண்டா, வாக்குச்சீட்டிலயே கேக்கவேணுமாம். வாக்குப் போடுற சனத்தில மூன்றில இரண்டு பங்கு ஆம் எண்டு போடவேணும். வீட்டின்ர பெறுமதியில லட்சம் டொலருக்கு எவ்வளவு வரி கூடும் எண்டதையும் அச்சடிச்சே அனுப்புவினம். "ஆனா அக்கா, அந்தக் காசில கட்டடம்தான் கட்டலாம், ஆக்களுக்குச் சம்பளம் குடுக்கேலாது" எண்டாள். அதுதான் எனக்கும் இடிச்சது. எங்கட வரைபடத்தில மாடிப்படி இருக்கு, அந்த அக்காவின்ர சம்பளம் எங்க இருக்கு? இப்பவே ஆறு மணிக்குப் பூட்டுறதுக்குக் காரணம் இடம் காணாதது இல்லை, இருக்க ஆள் இல்லாதது.

எங்களுக்கு இப்பிடிக் கேட்டுப் பழக்கமும் இல்லை. இலங்கை முழுக்க நடந்த சர்வசன வாக்கெடுப்பே ஒண்டுதான்: 1982 டிசம்பரில, நாடாளுமன்றத்தின்ர ஆயுளை நீட்ட. ஆம் எண்டா விளக்கு, இல்லை எண்டா குடம் சின்னம், அப்பா இப்பவும் சொல்லுவார். 2023 மார்ச்சில வைக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலையே 2025 மே வரைக்கும் இழுத்தவை, நூலகத்துக்கு வாக்குச்சீட்டு அடிப்பினமே!

ஆள் போட்டு இரவு எட்டு மணி வரைக்கும் திறக்கிறமெண்டு எழுத்தில தந்தா, ஐயாயிரம் என்ன, தவணை முறையில பத்தும் தருவன்.

போறவை தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ. வாசல் கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ. போன கிழமை மான் ஒண்டு உள்ள வந்து, மேசையில கிடந்த அன்றையப் பேப்பரில விளையாட்டுப் பக்கத்தைத் திண்டுபோட்டுப் போட்டுது.