காளவாசல் பக்கம் ஒரு ஆயில் கடை: கேட்ட கிரேடு கிடைக்காது, வண்டிக்கு எது சரியோ அதுதான் கிடைக்கும்

மதுரையில பைக்குக்கு ஆயில் மாத்த நம்பிக்கையான இடம் எதுன்னு கேக்குறவங்களுக்கு இத எழுதுறேன். காளவாசல் சிக்னல்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு சின்ன கடை, போர்டெல்லாம் மங்கிப் போயிருக்கும், ஒரு அண்ணனும் கூட வேலை பாக்குற பையனும்தான். ஆயில், பிளக், செயின் ஸ்ப்ரே, அவ்வளவுதான் வியாபாரம்.

எனக்கு முன்னாடி ஸ்ப்ளெண்டரோட ஒரு தம்பி நின்னாப்ல. 20டபிள்யூ-50ங்குற கெட்டி கிரேடு ஆயில் குடுங்கண்ணே, வெயிலுக்குத் தாங்கும், இழுவையும் கூடும்னு சொல்றாங்கன்னு கேட்டாப்ல. அண்ணன் தரவே இல்ல. "கம்பெனிக்காரன் 10டபிள்யூ-30ன்னு போட்டிருக்கான் தம்பி, நீ கேக்குறத ஊத்துனா இஞ்சினு ஆயில கலக்குறதுக்கே பாதி தெம்ப விட்ரும்"னு சொல்லிட்டாரு. பாதிங்குறது கொஞ்சம் அதிகம்தான், ஆனா விஷயம் சரி. கெட்டி ஆயில்னா பம்பு தள்ளவும் சிரமம், கிராங்க் பேரிங்குல பிஸ்டன் ரிங்குல எல்லாம் உராய்வும் ஜாஸ்தி, அந்தச் சக்தி வீலுக்கு வராம சூடாவே போயிரும்.

எவ்வளவு போகும்னு கேட்டா, ஒரு படி ரெண்டு படி கிரேடு மாத்துனா பொதுவா நூத்துக்கு ஒண்ணு ரெண்டு அளவுதான் வித்தியாசம் வரும். ஸ்ப்ளெண்டர் 8 பிஎஸ் (இஞ்சின் சக்தியோட அளவு) சொச்சம், அதுல ரெண்டு சதவீதம்னா 0.16 பிஎஸ், ஆளு உக்காந்து ஓட்டி அதக் கண்டுபிடிக்கவே முடியாது. என்எஸ்200 மாதிரி 24.5 பிஎஸ் வண்டியிலயே அரை பிஎஸ் கூட வராது. அதனால லேசான ஆயில் ஊத்தி பவர் ஏத்துறேன்னு கிளம்புறதும் வேஸ்ட், ரொம்ப லேசாப் போனா பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல நிக்க வேண்டிய ஆயில் படலம் சூட்டுல கிழிஞ்சு இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிச்சிரும், அது அந்த அரை பிஎஸ்ஸ விட பெரிய செலவு.

கெட்டி ஆயில் ஊத்துனா சத்தம் கம்மியாகும், அதக் கேட்டுட்டு இஞ்சின் சூப்பரா இருக்குன்னு நெனச்சிக்கிறாங்க. காலையில முதல் ஸ்டார்ட்டுல பாருங்க, கிளட்ச் ஒட்டுன மாதிரி இருக்கும், கியரும் கல்லு மாதிரி விழும்.

வெயில் கதையும் அப்படித்தான். சித்திரை மாசம் வெளிய 40 டிகிரின்னாலும், டப்பாவுல 10டபிள்யூ-30ன்னு இருக்குறதுல பின்னாடி வர்ற 30 மாதிரி நம்பர 100 டிகிரியில அளந்துதான் முடிவு பண்றாங்க, அது போக 150 டிகிரியில தனியா ஒரு சோதனையும் இருக்கு. கோரிப்பாளையம் டிராஃபிக்ல நின்னா ஏர் கூல்டு இஞ்சின் ஆயில் நல்லாவே சூடாகும், உண்மைதான், ஆனா இங்க விக்கிற வண்டிக்கு அதையும் கணக்குல வச்சுத்தான் கிரேடு சொல்றாங்க. முன்னாடி இருக்குற 10டபிள்யூ, 20டபிள்யூங்குறது குளிருக்கானது, 10டபிள்யூவ மைனஸ் 25 டிகிரியிலயும் 20டபிள்யூவ மைனஸ் 15 டிகிரியிலயும் இஞ்சின சுத்த விடுமான்னு சோதனை பண்றாங்க, கொடைக்கானல் போனாலும் நமக்கு அந்தக் குளிர் வராது.

இந்தக் கடையில எனக்கு ரொம்பப் புடிச்சது டப்பாவுல ஜாசோங்குற ஜப்பான் தர முத்திரையப் பாத்து எடுக்குறது. கியர் வண்டிக்கு எம்ஏ இல்லன்னா எம்ஏ2, ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டருக்கு எம்பி. கியர் வண்டியில கிளட்ச் ஆயிலுக்குள்ளயே முங்கிக் கெடக்கு, அதுல எம்பியோ கார் ஆயிலோ ஊத்துனா கிளட்ச் ஸ்லிப் ஆக வாய்ப்பிருக்கு, அப்ப ஆக்சிலரேட்டர் முறுக்குனா சத்தம் வருமே ஒழிய வண்டி போகாது. பவர் போச்சுன்னு வர்ற வண்டிகள்ல இப்படியும் சிலது இருக்குன்னாரு. முன்னாடி வேற ஒரு இடத்துல பேரல்ல இருந்து மக்குல பிடிச்சு ஊத்துவாங்க, என்ன கிரேடுன்னு கேட்டா பதிலே வராது.

வேலையும் சுத்தம். இஞ்சின கொஞ்சம் சூடு பண்ணி வடிய விட்டாரு, ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், சீல் டப்பாவ நம்ம கண்ணு முன்னாடி உடைச்சு ஊத்துனாரு. ஸ்ப்ளெண்டருக்கு மாத்துற மாதிரி ஃபில்டர் கிடையாது, சல்லடைதான், அதையும் சர்வீஸ்ல கழுவச் சொல்லுங்கன்னு ஞாபகப்படுத்துனாரு. கடைசியா டிப்ஸ்டிக்க திருகாம சும்மா வச்சு லெவல் பாத்தாரு, அதுதான் சரியான முறை. புகை விடுற பழைய வண்டி ஒண்ணு வந்துச்சு, ஒரு படி கெட்டியா ஊத்தலாம், ஆனா ரிங்க மாத்தாம தீராதுன்னு நேராவே சொல்லிட்டாரு.

குறைன்னா, உக்கார இடம் இல்ல, வெயில்ல நிக்கணும். ஃபுல் சிந்தெடிக் வேணும்னா முன்னாடியே சொல்லி வைக்கணும், ஸ்டாக் ரொம்ப கம்மி. ஆயில் எம்ஆர்பி விலைதான், கூலி 50 ரூபா. ஞாயித்துக்கிழமை லீவு, காலையில கடை திறந்த உடனே போனா நிக்காம முடிச்சிட்டு வந்துரலாம், வண்டியோட மேனுவல் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க, அண்ணன் முதல்ல அதத்தான் கேப்பாரு.