மெல்லிய சுவருக்கு எந்த வலை? பட்டர்வொர்த் கடைகளில் கிடைக்கும் மூன்று

பெரோசிமெண்டு, அதாவது கம்பிவலையில் சிமெண்டுச் சாந்தை அழுத்திக் கட்டும் மெல்லிய சுவரில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் வலை. பினாங்கின் பட்டர்வொர்த், பிறை ஹார்ட்வேர் கடைகளில் பெரும்பாலும் மூன்று வகை தொங்கும்.

அறுகோணக் கோழிவலை மலிவு. தண்ணீர்த் தொட்டி மாதிரி வளைவான வேலைக்கு நன்றாகப் பணியும். நேர்சுவரில் தொய்ந்து, சாந்தை அழுத்தியதும் வயிறு தள்ளிவிடும். பச்சை பிளாஸ்டிக் பூசியது கோழிக்கூண்டோடு நிற்கட்டும், அதில் சாந்து ஒட்டாது.

அரை அங்குலச் சதுர வெல்டு வலைதான் சரி. வாங்குமுன் கம்பிகள் சேரும் ஒரு முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே பழுப்புக் கறை தெரிந்தால், கேல்வனைஸ் (துத்தநாகம் பூசிய) கம்பியை வாங்கிப் பிறகு வெல்டு அடித்திருக்கிறார்கள். கடற்காற்றில் துரு அந்தப் புள்ளியில்தான் தொடங்கும். வெல்டு அடித்தபின் துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலையில் முடிச்சும் வெள்ளையாக மூடியிருக்கும். விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

6 மி.மீ. கம்பிச் சட்டத்தின் இரு பக்கமும் வலை. இரண்டு வலைத் துண்டுகள் சேரும் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று 10 செ.மீ. ஏறி நிற்க வேண்டும். சுவர் 25 மி.மீ. கனம் என்றால் சதுர மீட்டருக்குச் சிமெண்டு 16 கிலோ, சலித்த ஆற்றுமணல் 32 கிலோ, தண்ணீர் ஆறரை லிட்டர். சாந்து மொத்தம் 55 கிலோ கூட இல்லை. பூச்சோடு நாலரை அங்குலச் செங்கல் சுவர் சுமார் 250 கிலோ. நிலம் குலுங்கும்போது எடைக்கேற்பத்தான் விசை வரும். செங்கல்போல் பெயர்ந்து விழாமல் நெருக்கமான வலை சுவரைச் சேர்த்துப் பிடிக்கும்.

ஆனாலும் தரைவீட்டுக்கு நிலநடுக்கப் பயத்தால் மட்டும் இதைக் கட்ட வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுமத்திரா அதிர்வைப் பினாங்கில் அதிகம் உணர்ந்தவர்கள் மாடிக் குடியிருப்புக்காரர்கள். 2015 ஜூன் 5 அன்று 6.0 அளவில் ஆடிய சபாவின் ரனாவ் பக்கம் என்றால் கணக்கே வேறு.

வேலை கெடுவது பூச்சில். ஒருவர் இந்தப் பக்கம் சாந்தை அழுத்த, மறுபக்கம் ஒருவர் பலகை பிடிக்க வேண்டும். தனி ஆள் பூசினால் கம்பிக்குப் பின்னே பொந்து விழும். காய்ந்தபின் காசால் தட்டினால் 'டொக்'கென்று கேட்கும். இளக்கமாக வர இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றும் கொத்தனாரை உடனே நிறுத்துங்கள், விரிசலுக்கு அதுவே வழி. மாலை மழையை நம்பாமல் ஈரச்சாக்கு போட்டு 14 நாள் நனைத்து வாருங்கள்.