ஆறு வருடங்களாக எங்கள் வீட்டில் மக்கடேமியா

பிரிஸ்பேனுக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் லிஸ்மோர் பக்கம் காரில் போனோம். சாலையோரம் ஒரு மேசை, அதன்மேல் ஓட்டோடு மக்கடேமியாக் கொட்டைப் பைகள், காசு போட ஒரு டப்பா. ஆளே இல்லை. காசைப் போட்டுவிட்டு ஒரு பையை எடுத்து வந்தேன். வீட்டில் சுத்தியலால் தட்டத் தட்டக் கொட்டை தெறித்து ஓடியதே தவிர உடையவில்லை. அவ்வளவு கெட்டி ஓடு. அப்புறம் திருகி உடைக்கும் கருவி ஒன்று வாங்கினேன். கடைகளில் ஓட்டில் கீறல் போட்டு, நெம்பித் திறக்கச் சின்ன உலோகச் சாவியோடும் விற்கிறார்கள். முதல்முறை வாங்குபவர்களுக்கு அதுதான் நல்லது.

ஹவாய் கொட்டை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தென்கிழக்கு குயின்ஸ்லாந்து, வடகிழக்கு நியூ சவுத் வேல்ஸ் மழைக்காடுகள்தான் இதன் சொந்த ஊர். இந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாக உண்டு வந்தது. 1857இல் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர்தான் ஜான் மக்காடம் என்ற தன் நண்பரின் பெயரை வைத்தார். ஹவாய்க்கு விதை போனது 1880களில்.

சரி, உடம்புக்கு என்ன செய்தது? முதல் வருடம் எடை கூடியது. டிவி பார்த்துக்கொண்டே கிண்ணம் கிண்ணமாகத் தின்றால் வேறென்ன ஆகும்? 100 கிராமில் சுமார் 720 கலோரி, 75 கிராமுக்கு மேல் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் முக்கால் பங்குக்கு மேல் ஆலிவ் எண்ணெயில் இருப்பதுபோன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. இதயத்துக்கு நல்லது என்று சொல்வது அதனால்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல், தினம் சுமார் 42 கிராம் சாப்பிடுவது இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று லேபிளில் போட அனுமதித்தது. ஆனால் ஆதாரம் முடிவானதல்ல என்ற குறிப்போடுதான். மொத்தக் கலோரியும் நிறைவுற்ற கொழுப்பும் கூடக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் கவனிக்காமல் விட்டது அதைத்தான்.

இரண்டாம் வருடத்திலிருந்து சாயங்கால மிக்சருக்குப் பதிலாகப் பத்துக் கொட்டை, கிட்டத்தட்ட 28 கிராம், 200 கலோரி. இரவு வரை பசி அடங்கி இருக்கிறது. கெட்ட கொழுப்பும் இறங்கியது, ஆனால் அதே சமயம் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன். அதனால் கொட்டைக்கே முழுப் பெயரையும் கொடுக்க மாட்டேன். புரதத்துக்காக யாரும் இதை வாங்க வேண்டாம். 100 கிராமில் 8 கிராம்தான், நிலக்கடலையில் அதைப்போல மூன்று மடங்கு.

சமையலில் முந்திரிக்கு மாற்றாகத்தான் தொடங்கினேன். குருமாவுக்கு வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் கலந்ததுபோல வரும். ஆனால் முந்திரி விழுதைப்போல நெடுநேரம் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது. கடைசியில் சேர்த்து ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். பொடி வகைகளுக்குச் சரிப்படாது, மிக்சியில் இரண்டு சுற்றிலேயே விழுதாகிவிடும். பாயசத்துக்கு நெய்யில் வறுக்கும்போது அடுப்பு சிறுதீயில் இருக்கட்டும். முந்திரியைவிடச் சீக்கிரம் கருகும். ஓவனில் என்றால் 120 டிகிரி, பன்னிரண்டு நிமிடம் எனக்குச் சரியாக வருகிறது.

எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது மீன்தான். இங்கே பாரமுண்டி என்று விற்பது நம் கொடுவா மீனேதான். மக்கடேமியாவைக் கத்தியால் பொடியாக நறுக்கி, ரொட்டித் தூள், மிளகு, எலுமிச்சைத் தோல் துருவல் சேர்த்து, மீன்மேல் அழுத்தி ஓவனில் வைத்தால் போதும். மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை, “மசாலாவே போடலியேம்மா” என்று தயங்கினார். அப்புறம் அவரே இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாய் வளர்ப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இதை அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள். மூன்றாம் வருடம் எங்கள் நாய் மேசையிலிருந்து ஒரு கைப்பிடி தின்றுவிட்டது. அன்றிரவே வாந்தி, நடுக்கம், பின்னங்கால் ஊன்ற முடியவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாளில் எழுந்து நடந்தது என்றாலும் அந்த இரவை மறக்க முடியவில்லை. நாய்களுக்கு இது நஞ்சு.

எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்கடிக்கும். ஒருமுறை தள்ளுபடியில் வாங்கிய ஒரு கிலோவும் பழைய எண்ணெய் வாடை அடித்து, குப்பைக்குத்தான் போனது. நல்ல கொட்டை வெளிர் நிறத்தில், கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். பருப்பு மஞ்சளாகி ஈரம் கோர்த்தால் வாங்காதீர்கள். இங்கே அறுவடை மார்ச் முதல் செப்டம்பர் வரை, அப்போது வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். விலை முந்திரியைவிட அதிகம்தான். ஆனால் குருமாவுக்கும் மீனுக்கும் முழுக்கொட்டை எதற்கு? உடைந்த துண்டுகளைத் தனியாக மலிவாக விற்கிறார்கள், அதையே வாங்குங்கள்.