டைட்டஸ் கேன்யனா, ரேஸ்டிராக்கா? டெத் வேலியில் முதல் மண்பாதை

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் தார்ச்சாலையை விட்டு இறங்கி முதன்முதலாக மண்பாதையில் வண்டி ஓட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் டைட்டஸ் கேன்யன், ரேஸ்டிராக் ஆகிய இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய 43 கிலோமீட்டர் நீளமுள்ளவை, ஒற்றுமை அவ்வளவுதான்.

டைட்டஸ் கேன்யன் ஒருவழிப் பாதை. நெவாடா பக்கத்திலிருந்து நுழைந்து, சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள ரெட் பாஸ் கணவாயைக் கடந்து, மேற்கே பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் பாதாளமுமாக வளைந்து ஏறும் அந்தத் தடத்தைப் படத்தில் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் எதிரே வண்டி வராது என்பதால் வளைவுகளில் நிதானமாகத் திரும்பலாம். தரையிலிருந்து அடிப்பாகம் போதிய உயரத்தில் உள்ள வண்டியாக இருந்தால், உலர்ந்த நாட்களில் நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வசதி பெரும்பாலும் தேவையில்லை, இரண்டு சக்கரங்களை மட்டும் இயக்கும் சாதாரண அமைப்பே போதுமானது. வழியில் லெட்ஃபீல்ட் என்னும் கைவிடப்பட்ட சுரங்க ஊரின் தகரக் கொட்டகைகள் நிற்கின்றன. ஈயம் குவிந்து கிடப்பதாக எழுந்த ஆரவாரத்தை நம்பி மக்கள் குவிந்த அவ்வூரில் 1926 ஆகஸ்டில் அஞ்சலகம் திறக்கப்பட்டது. 1927-இல் ஊரே காலியாகிவிட்டது. இறுதிப் பகுதியில் செங்குத்தான பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி, சில இடங்களில் ஆறு மீட்டர் அகலமே எஞ்சுகிறது.

ரேஸ்டிராக் பாதையோ பார்வைக்குச் சாதுவானது. யூபெஹீபி எரிமலைவாய் அருகே தொடங்கி, செங்குத்தான ஏற்றமோ பாதாளமோ இன்றிச் செல்கிறது. அதன் குணம் சக்கரத்துக்கு அடியில்தான் தெரியும்: ஓடும் வண்டிகளாலேயே குறுக்கே வரிவரியாக உருவான மேடுபள்ளங்களும், டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும் கூரிய கற்களும் நெடுகக் கிடக்கின்றன. கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத அவ்விடத்தில் ஒரு ஸ்டெப்னியை மட்டும் நம்பிப் போவது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். மேலும் போன வழியே திரும்ப வேண்டியிருப்பதால் தொல்லையும் இரட்டிப்பாகிறது. இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது, வறண்ட ஏரிப்படுகையில் தாமாக நகர்ந்து தடம் பதித்த கற்களின் காட்சி. மெல்லிய பனித்தகடுகளை இளங்காற்று தள்ளும்போது அக்கற்கள் நகர்வதை ஆய்வாளர்கள் 2013 டிசம்பரில்தான் நேரில் கண்டனர்.

முதல் முறை செல்பவருக்கு டைட்டஸ் கேன்யனையே பரிந்துரைப்பேன். கற்களைக் காணும் ஆவல் மிகுந்தவர்கள், கனரகப் பயன்பாட்டுக்குரிய உறுதியான டயர்களும் பஞ்சர் ஒட்டும் பொருட்களும் காற்றடிக்கும் கருவியும் இருந்தால் மட்டும் ரேஸ்டிராக்கை நினைக்கலாம். வாடகை வண்டியென்றால், தார்ச்சாலைக்கு வெளியே ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படித்துவிட வேண்டும்.

மழை அறிகுறி இருக்கும் நாளில் மட்டும் இந்தத் தீர்ப்பு செல்லாது. திடீர் வெள்ளம் பாயும்போது டைட்டஸின் குறுகிய சுவர்களுக்கிடையே ஒதுங்க இடமில்லை. அப்படிப்பட்ட வெள்ளம் அடித்துச் சென்ற பிறகு பாதை நீண்ட காலம் மூடப்படுவதும் உண்டு. ஆகவே புறப்படும் நாளன்று காலையில் பூங்கா நிர்வாகத்தின் சாலை நிலவர அறிவிப்பைப் பார்த்துவிட்டே வண்டியை எடுக்க வேண்டும்.